தூண்டில்காரரின் காலணி

மீன்பிடிக்கப் போட்டுக்கொள்ளும் காலணியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நிற்கப்போகும் தரையை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது பெரும்பாலும் மூன்று வகை: அணையின் உட்சரிவில் பாவிய கருங்கல், தண்ணீர் வற்றிய இடத்துச் சேறு, முள்ளும் புல்லும் மண்டிய ஏரிக்கரை. அஞ்செட்டிக்கு அப்பால் காவிரிப் பாறைகளையும் சேர்த்தால் நான்கு. ஒரு தரையில் ஆளைத் தாங்கும் காலணி இன்னொன்றில் குப்புறத் தள்ளிவிடும்.

தொழிற்சாலை நகரமான ஓசூரில் எளிதாகக் கைக்கு வருவது கம்பெனி கொடுக்கும் சேஃப்டி ஷூ. பழசாகிப்போன ஒரு ஜோடியை விடுமுறை நாளில் கெலவரப்பள்ளி அணைக்குப் போட்டுப் போகலாம் என்று தோன்றுவது இயல்புதான். அந்த ஷூவின் பலமெல்லாம் வேறு இடத்துக்கானது. ஐ.எஸ். 15298 தரப்படி அதன் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. கரையில் அப்படி எதுவும் காலில் விழப்போவதில்லை. அடிப்பாகம் சமதளமான தரையில் சிந்திய எண்ணெயை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. சரிவில் படர்ந்த பாசியில் அதே பிடிப்பை எதிர்பார்க்க முடியாது. மேல்தோல் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காய நாள் பிடிக்கும். பல சேஃப்டி ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்தப் பொருளின் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல அறுந்துபோகும். நன்றாக இருக்கிறதே என்று பரணிலிருந்து எடுத்துப் போட்ட ஷூ, பாதி வழியில் அடி பொடிந்து உதிர்வதற்கு இதுவே காரணம்.

தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணையை 1957-ல் காமராசர் திறந்துவைத்தார். அதன் முழு நீர்மட்டம் 52 அடி, கெலவரப்பள்ளியில் 44.28 அடி. பருவத்துக்கு ஏற்ப நீர் ஏறி இறங்கும்போது கரைக்கல்லில் ஈரமும் வெயிலும் மாறிமாறிப் படும் ஒரு பட்டை உண்டாகிறது. பாசி பிடிப்பதும் ஆள் விழுவதும் அங்கேதான். காய்ந்த பாசி கல்லின் நிறத்திலேயே இருக்கும். ஓர் அலை நனைத்துவிட்டுப் போனதும் வழுக்கும். இங்கே வேண்டியது மென்மையான ரப்பர் அடி. நகத்தால் அழுத்தினால் சற்றே உள்வாங்கும் ரப்பர் கல்லின் மேடுபள்ளத்தோடு படிந்து பிடிக்கும். மலிவான பி.வி.சி. அடி விறைப்பாக நிற்பதால், பார்க்க எவ்வளவு ஆழமான பூ வெட்டியிருந்தாலும் ஈரக்கல்லில் சறுக்கும். கல்லுக்கு ஆழமான பள்ளங்களைவிட நெருக்கமான, கூரான விளிம்புகளே நல்லது. கணுக்காலைப் பிடித்துக் கட்டும் கயிறோ வாரோ அவசியம், ஏனென்றால் சரிவில் கால் முதலில் பிசகுவது கணுக்காலில்.

மேலைநாட்டு ஆற்று மீன்பிடிப்பில் கம்பளி போன்ற ஃபெல்ட் அடி வைத்த காலணிகளுக்கு நெடுநாள் செல்வாக்கு இருந்தது. பாசியில் அதுபோல் ஒட்டுவது அரிது. ஆனால் அந்த இழைகளுக்குள் ஈரமும் நுண்பாசியும் பல நாள் உயிரோடு தங்கி, அடுத்த ஆற்றுக்கும் பயணம் செய்யும். டிடிமோ என்ற பாசி பரவியதால் நியூசிலாந்து 2008-ல் ஃபெல்ட் அடிகளுக்குத் தடை விதித்தது. அமெரிக்காவில் அலாஸ்கா, மேரிலாந்து போன்ற மாநிலங்களும் தடுத்தன. ஓர் ஏரியின் சேற்றை இன்னொரு ஏரிக்குக் காலில் சுமந்துபோகக் கூடாது என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

சேறு வேறு கணக்கு. அணை வற்றும்போது வெளிப்படும் படுகை மேலே வெடித்துக் காய்ந்து கெட்டியாகத் தெரியும்; அடியில் களி. கால் புதைந்து இழுத்தால் ஹவாய் செருப்பின் வார் பிடுங்கிக்கொள்ளும், செருப்பு உள்ளேயே தங்கிவிடும். முழங்கால் வரை வரும் கம்பூட் இங்கே பயன்படும். வல்கனைஸ் செய்த ரப்பரில் காலணி செய்யும் முறையை ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் 1850-களில் பிரான்சுக்குக் கொண்டுபோனார்; வயலில் மரக்கட்டைச் செருப்போடு உழன்ற உழவர்களே அதை முதலில் விரும்பி வாங்கினார்கள். இன்றும் அது சேற்றுக்கான காலணியே. தண்ணீருக்குள் இறங்க அதை நம்பக் கூடாது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் புகுந்தால், உள்ளே நிறைந்த நீர் ஆளைக் கீழே இழுக்கும் என்பது சரியல்ல. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை தெரியாது. கரையேற முயலும்போதுதான் அந்த எடை முழுவதும் காலில் தொங்கும், நீந்தவும் விடாது. இடுப்பளவு இறங்க வேண்டிய தேவை இருந்தால், தண்ணீரைத் தடுக்கப் பார்க்கும் பூட்டைவிட, புகுந்த தண்ணீரை ஓட்டைகள் வழியே உடனே வெளியேற்றும் வலைத்துணிக் காலணியே மேல். விரல் மூடிய, குதிகால் வார் உள்ள சாண்டலும் போதும்.

ஏரிக்கரையில் ஆபத்து முள்ளும் கண்ணாடியும். சீமைக்கருவேல முள் பஞ்சு போன்ற ஈ.வி.ஏ. செருப்பை அலட்சியமாகத் துளைத்துவிடும். பழைய டயரில் வெட்டித் தைத்த செருப்பு முள்ளுக்கு அசையாது. உள்ளிருக்கும் நைலான் இழைதான் தடுக்கிறது. நாகரிகம் குறைவு என்று ஒதுக்கப்பட்ட அந்தச் செருப்பு, காய்ந்த கரைக்கு இன்றும் குறைசொல்ல முடியாத பொருள். உடைந்த பாட்டில்கள் கிடக்கும் கரையில் பக்கவாட்டையும் மூடிய ஷூ தேவை. அந்திக்குமேல் புல்லில் நடக்க வேண்டியிருந்தால் கணுக்காலுக்கு மேல் உயரம் வேண்டும். கண்ணாடி விரியன் கடி பெரும்பாலும் பாதத்திலும் கீழ்க்காலிலுமே விழுகிறது. தடித்த பூட் அதை முழுதாகத் தடுக்காவிட்டாலும் பல்லுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சுவர். பிடித்த மீனே குத்துவதும் உண்டு. தேளி மீனின் மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சு இருக்கிறது, கரையில் துள்ளும் அதை வெறுங்காலால் மிதிப்பவருக்குக் கடுகடுப்பு லேசில் அடங்காது. ஓசூர்ப் பக்கத்து ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் யானைகளும் வரும். அங்கே ஓடும்போது கழன்றுவிழாத காலணி என்பது தனித் தகுதி.

பரிசலில் ஏறும்போது மட்டும் கனமான எதுவும் ஆகாது. மூங்கில் பின்னலின் மேல் நிற்கும் பரிசல்காரர் வெறுங்காலோடு இருப்பதில் அர்த்தம் உண்டு: சமநிலையைப் பாதம் உணர வேண்டும், கவிழ்ந்தால் நீந்த வேண்டும். பரிசல் போகும் காவிரியில், இம்மாவட்டத்துக் கரையின் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. அணைகளிலும் மீன்பிடி உரிமை குத்தகையாகவோ உரிமமாகவோ தரப்படுவதால் விசாரித்துவிட்டுப் போவது முறை.

தண்ணீரின் தரமும் காலணியில் பேசும். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளியில் மலைபோல் நுரை தள்ளுவது பலமுறை செய்தியானது. அந்த நீரில் வெறுங்கால் வைப்பது நல்லதல்ல. காலில் வெட்டோ கீறலோ இருந்தால் எலி, மாட்டுச் சிறுநீர் கலந்த தேங்குநீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றலாம். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய விரலிடுக்கில் பூஞ்சை பிடித்து சேற்றுப்புண் வரும். பருத்திச் சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் செயற்கை இழையோ கம்பளி கலந்ததோ தேவலை. மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் எந்தக் கரையிலும் செருப்பைக் கழற்றக் கூடாது. நண்பகல் பாறை சுட்டது கூட அவர்களுக்கு மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியவரும்.

வாங்கும் காலணியைக் கடையில் மாலை வேளையில், மீன்பிடிக்கும்போது போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் நின்ற பாதம் மாலையில் சற்று உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் போதும். குதிகாலைத் தூக்கும்போது காலணி மேலும் கீழும் ஆடினால் சேறு அதைப் பிடுங்கிக்கொள்ளும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிட வேண்டும். வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும், ஒட்டிய பசையையும் விடுவிக்கும். அடுத்த முறை போடும் முன் தலைகீழாகத் தட்டிவிட்டுக் காலை நுழைக்க வேண்டும். இருட்டான, கொஞ்சம் ஈரமான ஷூ தேளுக்கும் பிடித்த இடம்.