எந்த விரலுக்கு எந்த பாஞ்சோ?

மும்பை பிள்ளையார் ஊர்வலத்தில் டைப்ரைட்டர் பொத்தான் மாதிரி தட்டி வாசிக்கிறார்களே, அதையும் நம் நாட்டில் பாஞ்சோ என்றுதான் சொல்கிறார்கள். அது புல்புல் தரங். இங்கே பேச்சு அமெரிக்க பாஞ்சோவைப் பற்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி வாசித்த வாத்தியத்தின் வாரிசு அது. இன்று வட்டச் சட்டம், நீளத் தண்டி, ஐந்து தந்தி.

‘நல்ல பாஞ்சோ எது?’ என்று கடையில் கேட்டுப் பயனில்லை. வலது கை என்ன செய்யப்போகிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். 1945 கடைசியில் பில் மன்றோவின் இசைக்குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரல்களில் மீட்டு மாட்டிக்கொண்டு பொரிந்து தள்ளினார். ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு அடையாளமே அந்த வாசிப்புதான். ஃபிடிலுக்கும் மாண்டலினுக்கும் நடுவே தனியாகக் கேட்க வேண்டுமே! அதற்காகத்தான் முதுகில் மரத்தாலான ரெசனேட்டர், தோலுக்கடியில் கனத்த உலோக வளையம். எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவைத் தொடும். நின்று வாசித்தால் தோள் சொல்லும்.

அப்பலாச்சியன் மலைப்பகுதியின் கிளாஹேமர் பாணியில் மீட்டு கிடையாது. நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியைச் சுண்டுவார்கள். இதற்கு முதுகு திறந்த, எடை குறைந்த பாஞ்சோவே அழகு.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியுமென்றால், நான் ரெசனேட்டர் உள்ளதையே வாங்கச் சொல்வேன். பெரும்பாலான வாத்தியங்களில் நாலு திருகைக் கழற்றினால் முதுகு தனியே வந்துவிடும். உள்ளே ஓடும் கம்பிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு பழைய காலுறையைச் செருகினால் கணகணப்பு அடங்கி, கிளாஹேமருக்கு வேண்டிய மண்வாசனை வந்துவிடும். கனத்த வளையத்துக்காகக் கூடுதல் பணம் கொட்டுவது ஆரம்பக்காரருக்கு வீண்செலவு.

தோல் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். தவில்காரர் வார் பிடிப்பதைப் போலவே சுற்றிலும் உள்ள கொக்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறுக்க வேண்டும். ப்ளூகிராஸுக்கு விறைப்பு, கிளாஹேமருக்குச் சற்றுத் தளர்ச்சி.

குதிரையை யாரும் ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தத்திலேயே அது நிற்பதால், சரியான இடத்தை நாமே பார்த்து வைக்க வேண்டும். தந்தியை 12-ஆம் மெட்டில் லேசாகத் தொட்டு ஒருமுறை, அழுத்திப் பிடித்து ஒருமுறை மீட்டுங்கள். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் குதிரையை வால்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். இறங்கி ஒலித்தால் தண்டிப்பக்கம். நகம் தோலில் இடிக்கிறதென்றால் 5/8 அங்குலக் குதிரையை எடுத்துவிட்டு 11/16 போடலாம். ஆனால் தந்தி உயர்ந்து இடக்கைக்கு வேலை கூடும்.

ஐந்தாம் தந்தி ஐந்தாம் மெட்டருகே தொடங்குவதால், சுருதி ஏற்றத் தண்டியில் மாட்டும் கேப்போ என்ற கவ்வி அதைப் பிடிக்காது. பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் குட்டி ஆணியை ஏழாம் மெட்டருகே அறைந்து, சுருதி ஏற்றும்போது தந்தியை அதனடியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆணி அடிப்பதை மட்டும் பழகிய கைக்கு விடுங்கள். தண்டி விண்டால் போச்சு!

அயர்லாந்து இசைதான் ஆசையென்றால் ஐந்து தந்தி பாஞ்சோவோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு நாலு தந்தி டெனர் இருக்கிறது. ஜாஸில் புழங்கிய அந்த வாத்தியத்தை, வயலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டி வாசித்துப் பரப்பியவர் டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா. பழைய ஜாஸ் டெனர் கிடைத்தால் தடித்த தந்தி போட்டு அப்படி மாற்றலாம்; தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளங்களைக் கொஞ்சம் அரம் போட்டு அகலப்படுத்த வேண்டியிருக்கும்.