விழும் முன் கேளுங்கள்

2000-ஆம் ஆண்டில் முப்பத்து நான்காயிரம் பேர்கூட இல்லாத ஃபிரிஸ்கோவில், 2020 கணக்கெடுப்பின்போது இரண்டு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். டெக்சஸில் உள்ள இந்த ஊரைப் பற்றிப் பேசினால் நமக்கு மென்பொருள் வேலையும் பள்ளிக்கூடமும் வீட்டு விலையும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்தியப் பலசரக்குக் கடையின் பின்னறையில் அரிசி மூட்டை இறக்குகிறவர்களும், உணவகத்தில் எண்ணெய் டப்பா தூக்குகிறவர்களும், கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர்களும் அந்தப் பேச்சில் வருவதேயில்லை. அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு, வேலை அனுமதி கிடைத்த நம் வீட்டுப் பெண்களும் உண்டு. பலர் செருப்போடும் துணி ஷூவோடும்தான் நிற்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. இங்கு விற்கும் பாதுகாப்புக் காலணியில் ‘ஐ 75’ என்ற குறி இருந்தால், 75 அடி-பவுண்டு தாக்குதலை அதன் முன்பக்கக் கவசம் தாங்கும் என்று பொருள். ஐம்பது பவுண்டு எடை ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். உணவகங்களுக்கு வரும் எண்ணெய் டப்பாவின் எடை 35 பவுண்டு. ஐந்தடி உயரத் தட்டிலிருந்து அது சரிந்தால் 175 அடி-பவுண்டு. காலணி தாங்குவதாகச் சோதித்த அளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! அந்தக் கவசமும் விரல்களை மட்டுமே மூடுகிறது. புறங்காலில் விழுந்தால் அதனால் பயனில்லை. ஆகவே காலணி கடைசி அரண்தான். டப்பாவை இடுப்புக்குக் கீழே வைப்பதே முதல் அரண்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஓஷா எனப்படும் கூட்டாட்சித் தொழில்பாதுகாப்பு அமைப்பின் விதிப்படி, அடுக்கி வைக்கும் சரக்கு சரியாமலும் சாயாமலும் இருக்க வேண்டும். அதற்கேற்ப அடுக்கின் உயரத்துக்கு வரம்பு வேண்டும். பொருள் விழுந்தோ உருண்டோ காலில் படக்கூடிய இடம் எது என்று ஆராய்ந்து, அங்கே வேலை செய்கிறவர் தகுந்த காலணி அணிவதை உறுதி செய்வது முதலாளியின் பொறுப்பு. அளவும் பொருந்த வேண்டும். பெண்களுக்கு ஆண்களின் காலணியைக் கொடுத்துச் சமாளிப்பதை விதி ஏற்காது.

காலணிக்கான செலவில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. பெரும்பாலான பாதுகாப்புப் பொருட்களுக்கு முதலாளிதான் பணம் தர வேண்டும். ஆனால் வெளியிலும் போட்டுக்கொள்ள அனுமதிக்கும் சாதாரண இரும்புமுனை ஷூவுக்கு அவர் தர வேண்டியதில்லை. புறங்கால் கவசம் தேவைப்படும் வேலையானால், அதை அவர் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். காசு தர வேண்டியதில்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டெக்சஸில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மற்ற மாநிலங்களில் ஏறத்தாழ எங்கும் கட்டாயமான தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, இங்கே தனியார் முதலாளியின் விருப்பம். காப்பீடு இருக்கிறதா இல்லையா என்ற அறிவிப்பு பணியிடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், அவற்றோடு அங்குள்ள தொழிலாளர்கள் பரவலாகப் பேசும் மொழியிலும். காப்பீடு இருந்தால், அடிபட்ட 30 நாளுக்குள் முதலாளியிடம் சொல்ல வேண்டும். ஓராண்டுக்குள் மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவில் மனு கொடுக்க வேண்டும். காப்பீடு இல்லையென்றால், முதலாளியின் அலட்சியத்துக்காக அவர் மீது வழக்குத் தொடரலாம். அப்போது, ‘உன் கவனக்குறைவும் காரணம்’, ‘ஆபத்து தெரிந்துதானே வந்தாய்’ என்ற வாதங்களெல்லாம் அவருக்குக் கிடையாது. இதனாலேயே சில இடங்களில், நீதிமன்றம் போகாமல் நடுவரிடம் போக ஒப்புக்கொள்வதாக வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

நம்மைத் தடுப்பது சட்டம் தெரியாமை மட்டுமல்ல. கடைக்காரர் நம் ஊர்க்காரர், வேலை கொடுத்தவர், ‘அண்ணா’ என்று கூப்பிட்டுப் பழகியவர். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? விசா பற்றிய பயம் வேறு. நான் சொல்வது இதுதான்: தனியாகக் கேட்காதீர்கள். ‘அண்ணா, எண்ணெய் டப்பாவ மேல் தட்டுல வைக்க வேணாம், கீழ இடம் ஒதுக்குங்க, நாங்க மூணு பேரும் சேர்ந்து சொல்றோம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மரியாதையும் கெடாது, எழுத்தில் சாட்சியும் இருக்கும்.

சேர்ந்து கேட்பதற்குச் சங்கம் தேவையில்லை. 1959 ஜனவரியில் பால்டிமோரில் ஒரு அலுமினியப் பட்டறையில் வெப்ப உலை பழுதாகி, குளிர் தாங்காமல் ஏழு பேர் வெளியேறினார்கள். சங்கம் இல்லாதவர்கள். நிறுவனம் அவர்களை வேலையைவிட்டு நீக்கியது. அது சட்டவிரோதம் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படிச் சேர்ந்து கேட்டதற்காக யாரையாவது பழிவாங்கினால், தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். மேற்பார்வையாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

விசா பயத்துக்கும் பதில் இருக்கிறது. கத்ரீனா புயலுக்குப் பிறகு சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனம் கேரளா, தமிழ்நாடு முதலிய மாநிலங்களிலிருந்து ஐந்நூறு பேரளவில் தற்காலிக விசாவில் கொண்டுவந்தது. வெல்டர்கள், குழாய் பொருத்துநர்கள். மிசிசிப்பியின் பாஸ்ககூலாவிலும் டெக்சஸின் ஆரஞ்சிலும் அவர்களை நெரிசலான முகாம்களில் அடைத்து, அதற்கு மாதம் 1,050 டாலர் பிடித்தது. 2008-இல் அவர்களில் பலர் வெளியேறி, வாஷிங்டன் வரை சென்றார்கள்; சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015-இல் ஐந்து பேருக்கு மட்டுமே சுமார் 1.4 கோடி டாலர் இழப்பீடு தர நீதிமன்ற ஜூரி தீர்ப்பளித்தது. நிறுவனம் திவாலானது.

பேசியும் கேட்காவிட்டால் ஓஷாவின் இலவச எண் 1-800-321-6742. பெயரை முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்கலாம். கையெழுத்திட்டு எழுத்தில் கொடுக்கும் புகாருக்கே நேரடிச் சோதனை நடக்க வாய்ப்பு அதிகம். புகார் கொடுத்ததற்காக வேலையைப் பறித்தால், 30 நாளுக்குள் ஓஷாவிடமே முறையிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஃபிரிஸ்கோவில் கடையோ உணவகமோ நடத்தும் தமிழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பின்னறைக்குப் போய் மேல் தட்டில் இருக்கும் கனமான டப்பாக்களை இன்றே கீழே இறக்குங்கள். காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று ஊழியர்களுக்குத் தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள்.