பழைய டிராக்டரின் வரலாற்றை அறியும் முறை

டிராக்டர் உழவுக்குரிய ஒரு யந்திரம் மட்டுமன்று. அது உழுத நிலத்தின் வரலாற்றுக்கு ஒரு சான்றுமாகும். இந்தியாவில் 1951-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8,600 டிராக்டர்களே இருந்தன. 1961-இல் அத்தொகை ஏறத்தாழ 31,000 ஆயிற்று. அக்காலத்து யந்திரங்களுட் பல பழைய இரும்பாக விற்கப்பட்டு உலைக்குச் சென்றுவிட்டன. எஞ்சியவை கொட்டில்களிலும் வேலியோரங்களிலும் துருவேறிக் கிடக்கின்றன. அவை எங்குச் செய்யப்பட்டன, எவ்வழியாக வந்தன, எந்த நிலத்தை உழுதன என்பவற்றை அறிவதற்குரிய காலம் குறுகி வருகிறது. உலைக்குச் சென்றுவிட்ட யந்திரத்தின் எண் தகட்டை எவரும் படிக்க இயலாது.

டிராக்டர்கள் வந்த வழிகள்

ஆராய்ச்சியைத் தொடங்குவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய ஆண்டு 1959. அவ்வாண்டில்தான் பரிதாபாத்திலிருந்த ஐஷர் தொழிற்சாலை, இந்தியாவில் உற்பத்தியான முதல் டிராக்டரை வெளியிட்டது. சென்னையில் 'டாஃபே' கம்பெனி 1960-இலும், பம்பாயில் மகிந்திராவின் கூட்டு முயற்சியான இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி 1963-இலும் நிறுவப்பெற்றன. ஆகவே, 1959-க்கு முற்பட்டதென உறுதிப்படும் டிராக்டர் எதுவும் அயல்நாட்டிலிருந்து வந்ததேயாகும்.

அவ்வாறு வந்த வழிகளும் பல. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்க இராணுவம் விட்டுச் சென்ற டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் ஸ்தாபனம் தன் பணியைத் தொடங்கிற்று. மத்திய இந்தியாவில் 'காண்ஸ்' என்னும் நாணல் வகைப் புல் பரவி, விளைநிலங்களைத் தரிசாக்கியிருந்தது. ஆழத்தில் ஓடும் அதன் வேர்த்தண்டுகளை மாட்டுக் கலப்பையால் அகற்ற முடியவில்லை. கனரக டிராக்டர்கள் கோடையில் ஆழ உழுது, வேர்த்தண்டுகளை மேலே கொணர்ந்து வெயிலிற் காயச் செய்தன. இப்பணிக்கு வேண்டிய யந்திரங்களை வாங்குவதற்காக உலக வங்கி 1949-இல் ஒரு கோடி டாலர் கடன் வழங்கிற்று. 1956-இல் ராஜஸ்தானத்தில் ஏற்பட்ட சூரத்கர் அரசாங்கப் பண்ணைக்கோ சோவியத் நாடு யந்திரங்களை நன்கொடையாக அளித்தது. போர், கடன், நன்கொடை, தனியார் வாணிகம் ஆகிய இந்நான்கினுள் குறிப்பிட்ட டிராக்டர் எவ்வழியாக வந்தது என்பதே முதல் வினா.

எண் தகடும் வார்ப்பெழுத்தும்

விடையின் ஒரு பகுதி யந்திரத்தின்மீதே பொறிக்கப்பட்டுள்ளது. சான்றாக, சாம்பல் நிறமுடைய பெர்குஸன் டி.இ. 20 டிராக்டரைக் கொள்ளலாம். இது 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவில் உற்பத்தியாயிற்று. இதன் தகட்டில் 'டி.இ.' என்பதை அடுத்து 'ஏ' என்றிருப்பின் பெட்ரோல் எஞ்சின். 'டி' என்றிருப்பின் மண்ணெண்ணெய் வகையைச் சார்ந்த எரிபொருளில் இயங்குவது. 'எஃப்' என்றிருப்பின் டீசல் எஞ்சின். ஆங்கு டீசல் வகை 1951-இல்தான் வெளிவந்தது. எனவே ஓரெழுத்தே காலத்தின் ஓர் எல்லையை வரையறுத்துவிடுகிறது. தகட்டிலுள்ள வரிசை எண்ணை உற்பத்தி அட்டவணையோடு ஒப்பிட்டால் ஆண்டு தெளிவாகும்.

எனினும் எல்லா எண்களும் வரிசை எண்கள் அல்ல. வார்ப்பிரும்பில் புடைத்து நிற்பவை பெரும்பாலும் உறுப்பின் எண்களாகும். ஒரே வகை டிராக்டர்கள் அனைத்திலும் அவை ஒன்றாகவே இருக்கலாம். குழிவாக அடித்துப் பொறிக்கப்பட்டதே அந்தத் தனி யந்திரத்துக்குரிய எண். எஞ்சின் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். தகடு வேறொரு டிராக்டரிலிருந்து வந்திருக்கலாம். வண்ணம் பன்முறை பூசப்பட்டிருக்கலாம். ஆகையால் தகடு, எஞ்சின் எண், வார்ப்பெழுத்து ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே முடிவு செய்வது தகும்.

தகட்டை உப்புத்தாளால் தேய்த்தல் பெருந்தவறு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலாற் படியெடுக்க வேண்டும். புதுவண்ணம் பூசுமுன் எல்லாப் பக்கங்களையும் புகைப்படம் எடுத்து வைத்தல் நலம்.

பதிவேடுகளைத் தேடுதல்

யந்திரம் எங்குச் செய்யப்பட்டது என்பதைத் தகடு கூறும். யாரிடம் இருந்தது என்பதைப் பதிவேடே கூறும். பதிவேட்டைத் தேடுவோர் ஊரின் நிர்வாக வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். ஹைதராபாத்தின் வடகிழக்கிலுள்ள சைனிக்புரி இதற்குத் தக்க உதாரணம். ஓய்வு பெற்ற இராணுவத்தினரின் குடியேற்றமாக எழுந்து, 'சைனிக்' என்னும் சொல்லால் பெயர் பெற்ற இப்பகுதி இன்று மாநகராட்சியின் வீட்டு மனைகள் நிறைந்த இடமாகும். இது 1978 வரை ஹைதராபாத் மாவட்டத்திலும், பின்னர் ரங்காரெட்டி மாவட்டத்திலும், 2016 முதல் மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்திலும் அமைந்தது. மாநிலமோ 1956 வரை ஹைதராபாத். பின்னர் ஆந்திரப் பிரதேசம். 2014 முதல் தெலங்கானா. ஊர் நகரவில்லை, ஆவணங்களுக்குப் பொறுப்பான அலுவலகங்களே மாறின. எந்த ஆண்டுப் பதிவு வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தால், எந்த அலுவலகத்தை நாடுவது என்பது தானே விளங்கும்.

பதிவெண்ணின் அமைப்பும் ஒரு துப்பாகும். மூன்று எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து எண்ணும் கொண்ட பலகை, 1989-இல் புதிய முறை வருவதற்கு முற்பட்டது. பதிவுச் சான்றிதழில் கடன் ஈடு குறிக்கப்பட்டிருந்தால், வங்கியின் பெயரைக் கொண்டு வாங்கிய காலத்தை அணுகலாம். அரசாங்க டிராக்டராக இருந்திருப்பின், ஹைதராபாத் தார்நாகாவிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்திலும் புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் விவசாய இலாகாவின் கோப்புகளைத் தேடலாம்.

முதியோரின் நினைவு

ஏடுகள் கூறாதவற்றை ஓட்டுநரும் பழுது பார்த்தவரும் கூறுவர். ஆனால் 'எந்த ஆண்டு?' என்று வினவினால் சரியான விடை கிடைப்பதரிது. எல்லோரும் அறிந்த நிகழ்ச்சியோடு இணைத்து வினவுதல் வேண்டும். நாகார்ஜுனசாகருக்கு 1955-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது; 1967-இல் கால்வாய்களில் நீர் விடப்பட்டது. 'டிராக்டர் வந்தது கால்வாயில் நீர் வருவதற்கு முன்னா, பின்னா?' என்னும் வினாவுக்கு முதியவர் தயங்காமல் விடை கூறுவார். கூறியவர், கேட்ட நாள், கூறியபடியே சொற்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். செவிவழிச் செய்தியைத் தகட்டின் சான்றோடு கலந்து எழுதலாகாது. இரண்டையும் தனித்தனியே வைத்தால்தான் பின்னர் வருவோர் சரிபார்க்க இயலும்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு நல்லதொரு பயிற்சியாக அளிக்கலாம். ஒரு தகட்டைப் படிப்பதில் கணிதமும், எஞ்சினை அறிவதில் விஞ்ஞானமும், வந்த வழியைத் தேடுவதில் சரித்திரமும் பூகோளமும் அடங்கியுள்ளன. களப்பணியாளர் தம் வட்டத்தில் காணும் ஒவ்வொரு பழைய டிராக்டரின் எண்ணையும், இருக்குமிடத்தையும், உரிமையாளர் கூறும் செய்தியையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பராயின், அதற்குப் பிடிக்கும் நேரம் அரை மணியே. பழைய இரும்பு வாணிகரின் வண்டி வருமுன் அந்த அரை மணி செலவிடப்பட வேண்டும்.