பன்னாட்டு நிறுவனங்களும் பனியன் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளும்

பன்னாட்டு நிறுவனமொன்று தொழிலாளரின் அடிப்படை உரிமைகளைப் பேணுகிறது எனக் கூறும்பொழுது அதன் பொருள் யாது? அவ்வுரிமைகள் எங்கிருந்து வந்தவை? அவை மீறப்படின் யாரிடம் சென்று முறையிடுவது? இவ்வினாக்களை ஆராய்வதற்குத் திருப்பூரையும் அதனோடு பிணைந்துள்ள திண்டுக்கல், ஈரோடு, கோவைப் பகுதிகளையும் போன்று ஏற்ற களம் நம் நாட்டில் பிறிதொன்று இருத்தல் அரிது.

1. உரிமைகள் எவை?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் நான்கு உரிமைகளை அடிப்படையானவை என வரையறுத்தது. சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசுதல், கட்டாய உழைப்பினின்று விடுதலை, குழந்தை உழைப்பு ஒழிப்பு, வேலையில் வேற்றுமை பாராட்டாமை என்பனவே அவை. 2022ஆம் ஆண்டில் பாதுகாப்பும் நலமும் வாய்ந்த பணிச்சூழல் ஐந்தாவதாகச் சேர்க்கப்பட்டது.

இவை அயல்நாட்டார் நமக்கு அளித்த கொடைகள் அல்ல. சங்கம் அமைக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவும், கட்டாய உழைப்பின் மீதான தடையை 23ஆம் பிரிவும் ஏற்கெனவே கூறியுள்ளன. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டில், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. வறுமையின் நெருக்குதலும் ஒரு விலங்கே என்னும் உண்மையை இத்தீர்ப்பு சட்டத்தின் மொழியில் உரைத்தது.

நிறுவனங்களின் கடமையையோ ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பேரவை 2011ஆம் ஆண்டில் ஏற்ற வழிகாட்டு நெறிகள் விளக்குகின்றன. தன் சொந்த ஆலைக்குள் மட்டுமன்றி, தான் வணிக உறவு கொண்டுள்ள இடங்களிலும் மனித உரிமைகள் மீறப்படாதவாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நிறுவனத்திற்கு உண்டு என்பதே அவற்றின் சாரம்.

2. பொறுப்பு சிதறும் அமைப்பு

1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் திருப்பூரை நாடி வரத் தொடங்கினர். அதுவரை உள்நாட்டுக்குப் பனியன் நெய்த ஊர் ஏற்றுமதி நகரமாயிற்று. ஆயினும் உலகப் புகழ் பெற்ற ஆடை நிறுவனங்கள் பொதுவாக இங்கே சொந்த ஆலை நடத்துவதில்லை. அவை ஆர்டர் தருகின்றன. விலையையும் அனுப்ப வேண்டிய நாளையும் குறிக்கின்றன. நூற்பு, நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் என வேலை பல கைகளுக்குப் பிரிந்து செல்கிறது. ஏற்றுமதியாளரிடமிருந்து ஜாப் ஒர்க் செய்வோருக்கும், அவரிடமிருந்து பீஸ் ரேட் கான்ட்ராக்டருக்கும் வேலை இறங்கும்பொழுது பொறுப்பு படிப்படியாகத் தேய்கிறது. கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் கைமடிப் பெண், தான் மடிக்கும் சட்டை எந்நிறுவனத்தின் பெயரில் விற்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் அறியாள். சரக்கை அனுப்பும் நாள் நெருங்கும்பொழுது ஒன்றரை ஷிப்டு வேலை நள்ளிரவு வரை நீள்கிறது. அந்நாளைக் குறித்தவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்.

இச்சூழலிலும் தொழிலாளர் வாளாவிருந்தாரல்லர். 1984ஆம் ஆண்டில் பஞ்சப்படி கோரி அவர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். திருப்பூரில் கூலியும் படியும் சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் முறைப்பட்டனவேயன்றி, எந்த அயல்நாட்டு நிறுவனத்தின் நல்லெண்ணத்தாலும் அல்ல.

3. நன்னடத்தை விதிகளும் அவற்றின் எல்லையும்

1991ஆம் ஆண்டில் லெவி ஸ்டிராஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், தனக்குச் சரக்குத் தருவோர் பின்பற்ற வேண்டிய விதிகளை வெளியிட்டது. பின்னர் ஏறத்தாழ எல்லாப் பெரிய நிறுவனங்களும் இத்தகைய விதிகளை வகுத்து, அவற்றைச் சரிபார்க்க ஆடிட் முறையை ஏற்படுத்தின. இதனால் பயன் விளையவில்லை எனக் கூறுதல் நியாயமாகாது. ஏற்றுமதி ஆலைகளில் தீயணைப்புக் கருவிகளும், அவசர வழிகளும், வயதுச் சான்று கேட்கும் வழக்கமும் பரவியதில் இதற்குப் பங்குண்டு.

ஆயினும் இம்முறையில் ஓர் அடிப்படைக் குறை உள்ளது. விதியை எழுதுபவர் நிறுவனத்தார். ஆடிட்டுக்குப் பணம் தருபவர் நிறுவனத்தார் அல்லது ஆலையுடையார். அறிக்கையைப் பெறுபவரும் அவர்களே. யாருடைய உரிமை பேசப்படுகிறதோ அவர் இவற்றுள் எதிலும் பங்குடையவரல்லர். மேற்பார்வையாளர் காண நின்று விடை கூறும் தொழிலாளி எவ்வளவு உண்மை பேச இயலும்? "சுமங்கலித் திட்டம்" என்னும் பெயரில், திருமணச் செலவுக்கென மூன்றாண்டு முடிவில் ஒரு தொகை தருவதாகக் கூறி, கிராமத்து இளம்பெண்களை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய பழக்கம், இவ்விதிகள் வந்து நெடுங்காலம் ஆகியும் நிலவியது. 2011ஆம் ஆண்டில் நெதர்லாந்து அமைப்புகளின் ஆய்வு அதனை உலகறியச் செய்தது.

4. திண்டுக்கல் உடன்படிக்கை

2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்னும் ஆலையில் பணியாற்றிய தலித் இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அவ்வாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அப்பெண் முன்னரே அவரால் தொல்லைக்கு ஆளாகியிருந்தார் எனக் குடும்பத்தாரும் உடன் உழைத்தோரும் கூறினர். ஆலை, திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. எச் அண்ட் எம் போன்ற நிறுவனங்களுக்கு ஆடை தைத்து வந்தது. 2013ஆம் ஆண்டில் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. நிறுவனத்தின் நன்னடத்தை விதிகளும் இருந்தன. எனினும் அப்பெண் உயிர் பிழைக்கவில்லை.

இதன்பின் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், அயல்நாட்டு உரிமை அமைப்புகளின் துணையோடு ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அச்சங்கத்திற்கும் ஈஸ்ட்மேனுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. எச் அண்ட் எம் நிறுவனமும், பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சங்கத்தோடு உடன்பட்டுக் கையொப்பமிட்டன. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்ட ராணா பிளாசா கட்டட விபத்துக்குப் பின் 2013ஆம் ஆண்டில் வங்கதேசத்தில் ஏற்பட்ட பாதுகாப்பு ஒப்பந்தமும், 2019ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் ஏற்பட்ட ஒப்பந்தங்களும் இதற்கு முன்னோடிகள்.

இதன் கூறுகள் கருதத்தக்கவை. தொழிலாளரிடையே இருந்தே கண்காணிப்போர் அமர்த்தப்பட்டுப் பயிற்சி பெற்றனர். முறையீடுகளை ஆலையைச் சாராத வல்லுநர் விசாரிக்க வழியிருந்தது. பால், சாதி, இடம்பெயர்ந்து வந்த நிலை ஆகியவற்றால் வேற்றுமை பாராட்டுதல் தடை செய்யப்பட்டது. முறையிட்டவரையோ சங்கத்தில் சேர்ந்தவரையோ பழிவாங்கலாகாது என விதிக்கப்பட்டது. ஆலை உடன்படிக்கையை மீறினால் ஆடை நிறுவனங்கள் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டிருந்தன. முதலாண்டில் 185 முறையீடுகள் எழுந்தன எனவும், அவற்றுள் நூற்றுக்கு 98 தீர்க்கப்பட்டன எனவும் உடன்படிக்கையின் அறிக்கை கூறுகிறது. முறையீடு மிகுந்தமையைக் கேட்டின் அறிகுறியாகக் கொள்ளலாகாது. அச்சம் குறைந்ததன் அறிகுறியாகவே கொள்ளல் வேண்டும்.

5. முடிவுரை

இவ்வுடன்படிக்கை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது எனல் பொருந்தாது. அது ஒரு நிறுவனத்தின் சில ஆலைகளில் உள்ள சில ஆயிரம் தொழிலாளரையே தழுவியது. வட்டாரத்தின் பல இலட்சம் தொழிலாளரும், குறிப்பாகப் பீஸ் ரேட்டுக்கு உழைப்போரும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்தோரும் அதன் நிழலுக்கு வெளியே இருந்தனர். ஆடைக்கு நிறுவனம் தரும் விலை உயராமல் உழைப்போரின் கூலி போதிய அளவு உயருமா என்னும் வினாவும் எஞ்சி நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றின்போது உலகின் ஆடை நிறுவனங்கள் பல, தைத்து முடித்த ஆர்டர்களையும் நீக்கியமை நினைவுகூரத் தக்கது.

எனினும் இங்கே ஒரு வேறுபாடு தெளிவாகிறது. நிறுவனம் தானே எழுதித் தானே காக்கும் விதி, எவ்வளவு நல்லதாயினும், ஒரு சலுகையே. தொழிலாளரும் கையொப்பமிட்டு, மீறப்பட்டவழி அவரே கேட்கக்கூடியதாக அமைவதே உரிமை. எனவே ஒரு நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்கும்பொழுது, அதில் எத்தனை நற்சொற்கள் உள்ளன என எண்ணுவதை விடுத்து, கைமடிப் பெண் ஒருத்தி அச்சமின்றி வாய்திறக்க அது வழி செய்கிறதா என வினவுவோமாக.