காற்றைக் கேட்காமல் கோடு போட்டால்

சென்னை மெட்ரோ ரயிலில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் விம்கோ நகர் வரும். விம்கோ என்பது தலைவர் பெயரும் இல்லை, சாமி பெயரும் இல்லை. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கம் அது. கம்பெனியைச் சுற்றி வளர்ந்த பகுதிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ அங்கே வந்தபோது, நிலையத்துக்கும் அதே பெயர்தான்.

இந்த ரயில் தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் தூண்கள்மேல் ஓடும். ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆலையின் மதில் தெரியும். அதை ஒட்டியே மாடி வீடு, மாடியில் காயும் துணி, பக்கத்தில் பள்ளிக்கூடம், அப்பால் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். கிழக்கே கொஞ்சம் தள்ளிக் கடல். இவ்வளவும் ஒரே இடத்தில் எப்படி வந்து சேர்ந்தன? வீடு இங்கே, ஆலை அங்கே என்று யாராவது முடிவு செய்தார்களா?

முடிவு செய்ய ஓர் அலுவலகமே இருக்கிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், சுருக்கமாக சி.எம்.டி.ஏ. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் முழுமைத் திட்டத்தை அவர்கள்தான் தயாரிக்கிறார்கள். 'மாஸ்டர் பிளான்' என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் நகரம் முழுவதும் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீடுகளுக்கான பகுதி, வீடும் கடையும் கலந்த பகுதி, வணிகப் பகுதி, தொழிற்சாலைப் பகுதி, திறந்தவெளிப் பகுதி, விவசாயப் பகுதி என்று பட்டியல் நீளும். 'சிறப்பு மற்றும் அபாயகரமான தொழிற்சாலைப் பகுதி' என்றும் ஒரு வகை உண்டு. மணலி அந்த வகையில் வருகிறது.

நகரமைப்பு வரைபடங்களில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் கொடுப்பது வழக்கம். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், தொழிற்சாலைகளுக்கு ஊதா, பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் பச்சை. வட சென்னையில் நிறைய ஊதா.

நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகக் காட்டுகிறது சிலப்பதிகாரம். கடலோரமாக இருந்த மருவூர்ப்பாக்கத்தில் பண்டகசாலைகள், கைவினைஞர்கள், மீன் விற்பவர்கள், கப்பலில் வந்த வெளிநாட்டு வணிகர்கள். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெரிய மனிதர்களின் வீடுகளும். இரண்டுக்கும் நடுவே நாளங்காடி என்ற பகல் சந்தை. துறைமுகத்தின் சத்தமும் மீன் வாடையும் ஒரு பக்கம், மாளிகைகள் இன்னொரு பக்கம். யார் எந்தப் பக்கம் குடியிருந்தார்கள் என்று கவனித்தீர்களா? பிற்காலத்தில் இப்படிப் பகுதி பிரிப்பதற்குச் சட்டமே வந்தது. நியூயார்க் நகரம் 1916இல் ஊர் முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் போட்டது. உயரமான கட்டடங்களின் நிழல் தெருவையே மூடியதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, சென்னைக்கு வருவோம். நிறம் தீட்டியவர்கள் முன்னால் வெள்ளைத் தாள் இருக்கவில்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. தெற்கே கொஞ்ச தூரத்தில் துறைமுகம். கப்பலும் ரயிலும் அருகருகே இருந்தால் கிடங்குகள் வரும், பட்டறைகள் வரும், கூலி வேலைக்கு ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு வீடுகள் வரும்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் வேலையைத் தொடங்கியது. அதற்குத் தேவையான கச்சா எண்ணெய் கப்பலில் வரும், ஆகவே கடல் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் நாப்தா என்ற எண்ணெய்ப் பொருளிலிருந்து உரம் செய்யலாம், ஆகவே பக்கத்திலேயே உர ஆலை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் வந்தது. இன்னும் வடக்கே வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் வந்தன. இவற்றுக்கு நிலக்கரி வேண்டும். சூடேறும் இயந்திரங்களைக் குளிர்விக்க ஏராளமாகத் தண்ணீரும் வேண்டும். நிலக்கரி இறக்கவே எண்ணூரில் ஒரு துறைமுகம் கட்டி 2001இல் திறந்தார்கள். இப்போது அதன் பெயர் காமராஜர் துறைமுகம்.

பார்த்தீர்களா, ஓர் ஊதாப் புள்ளி அடுத்த ஊதாப் புள்ளியைக் கூப்பிடுகிறது. வரைபடத்துக்கு நிறம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்ததைத்தான் குறித்தார்கள். குறித்த பிறகு, 'இது தொழிற்சாலைப் பகுதிதானே' என்று இன்னும் பல ஆலைகள் வந்தன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் 2011 வரை சென்னை மாநகராட்சியில் இல்லை. தனித்தனி நகராட்சிகளாக இருந்தன. நகரம் அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதற்கு முன்பே ஆலைகள் வேரூன்றிவிட்டன.

வரைபடத்தில் மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் நடுவே மெல்லிய கோடுதான் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு யார் யார் கட்டுப்படுகிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் மணல். வங்கக் கடலோரத்தில் அலைகள் கரையைச் சாய்வாக வந்து தொடுவதால், கரையை ஒட்டி ஒரு நீரோட்டம் உண்டாகிறது. அது மணலை இழுத்துக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே தள்ளும், மற்ற மாதங்களில் வடக்கே தள்ளும். ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. இந்தப் பாதையின் குறுக்கே சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கட்டினார்கள். 1870களில் தொடங்கிய வேலை. 1881இல் ஒரு புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். ரேஷன் கடை வரிசையின் நடுவில் ஒருவர் கையை நீட்டித் தடுத்தால் என்ன ஆகும்? பின்னால் கூட்டம் சேரும். முன்னால் இருப்பவர்கள் நகர்ந்து போய்விட, அங்கே இடம் காலியாகும். மணலுக்கும் அதுதான் நடந்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா கடற்கரை அகலமானது. நீங்கள் பட்டம் விடும், சுண்டல் சாப்பிடும் அந்த மணல்வெளியில் பெரும்பகுதி துறைமுகம் வந்த பிறகு சேர்ந்ததுதான்.

சுவருக்கு வடக்கே? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளிலிருந்து அலை மணலை எடுத்துப் போனது. எடுத்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. இப்போது அந்தக் கரையில் மணலைவிடக் கருங்கல்தான் அதிகம். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசைகளைத் தூண்டில் வளைவு என்பார்கள். மணலைப் பிடித்து வைக்கப் போட்டது. ஒரு தூண்டில் வளைவு தன் தெற்கில் மணலைச் சேர்க்கும், தன் வடக்கில் அரிப்பைத் தள்ளிவிடும். ஆகவே இன்னொன்று போட வேண்டும். அதற்கு வடக்கே இன்னொன்று! தென் சென்னைக்குக் கடற்கரை கிடைத்ததும் வட சென்னை கடற்கரையை இழந்ததும் ஒரே சுவரால்தான். பாடப் புத்தகத்தில் இது இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது காற்று. இதற்கு ஒரு சோதனை செய்யலாம். ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். மணல்தான் அதிகம் சுடும். இரண்டையும் நிழலுக்குக் கொண்டுவாருங்கள். மணல் சீக்கிரம் ஆறிவிடும், தண்ணீர் சூட்டை விடாமல் வைத்திருக்கும். நிலமும் கடலும் இப்படித்தான். பகலில் நிலம் சூடாகி, அதன் மேலிருக்கும் காற்று லேசாகி எழும்பும். அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். சித்திரை, வைகாசியில் "கடல் காத்து வந்துடுச்சா?" என்று பாட்டி கேட்பது இதைத்தான். இரவில் தலைகீழ். நிலம் ஆறிவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். கிழக்கே கடலோரம் திருவொற்றியூர், எண்ணூர். மேற்கே மணலி. மதியத்துக்குமேல் கடல் காற்று வீசும்போது, கடலோர ஆலைகளின் புகை மணலிப் பக்கம் போகும். இரவில் மணலியின் வாடை திருவொற்றியூருக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று அனல்மின் நிலையங்களின் புகையை ஊருக்குள் கொண்டுவரும். மார்கழி இரவுகளில் இன்னொரு தொல்லை உண்டு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, மேலே எழும்பாமல் அப்படியே தங்கிவிடும். புகையும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், ஓர் உர ஆலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, எண்ணூரில் பெரியகுப்பம் என்ற மீனவக் குப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஆலை ஊதாவில் இருந்தது, வீடுகள் மஞ்சளில் இருந்தன. காற்றுக்கு நிறம் தெரியாதே!

இதனால்தான் நகரமைப்பு படித்தவர்கள் இரண்டுக்கும் நடுவே கோடு போதாது, பட்டை வேண்டும் என்பார்கள். மரங்கள் அடர்ந்த, அகலமான பசுமைப் பட்டை. வட சென்னையில் அந்தப் பட்டைக்கு இடம் விடாமல் ஆலை மதிலும் வீட்டுச் சுவரும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. மீனவர்களை எங்கேயாவது தூரமாகக் குடிவைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மீனவர்கள் விடியுமுன் காற்றையும் அலையையும் பார்த்துத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் தள்ளி நான்காவது மாடியில் இருந்துகொண்டு அதை எப்படிப் பார்ப்பது?

கடைசியாக ஆறு. கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தைச் சுற்றிச் சேறும் சதுப்பும் உப்பங்கழியும். பார்க்கச் சும்மா கிடக்கும் நிலம்போல் இருக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து தங்கி, மெதுவாகக் கடலுக்குப் போகும் இடம் அதுதான். இறால் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான். அந்த இடத்துக்குத்தான் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் வருகிறது. நம் நாட்டு நிலக்கரியை நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கசிந்து கசிந்து, உப்பங்கழியின் பல இடங்களில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது.

இங்கே வரைபடமே ஒரு வழக்கானது. கடலோர நிலத்தைக் காப்பாற்ற 1991இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் கழிமுகமாக இருந்த பகுதி, பின்னால் வந்த வரைபடத்தில் அப்படிக் காட்டப்படவில்லை. மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கேள்வி கேட்டார்கள், வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தாளில் தண்ணீரை அழித்துவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளம் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. வழியில் மணலிப் பக்கத்து எண்ணெயையும் சேர்த்துக் கொண்டுவந்து, எண்ணூர்க் குப்பங்களின் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் பூசிவிட்டுப் போனது.

பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அங்கே மறுபடியும் 660 மெகாவாட் நிலையம் கட்டத் திட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது சட்டம். 2027இலிருந்து 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டமும் தயாராகி வருகிறது. முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபணை கேட்பதும் வழக்கம்.

அப்போது கருத்துச் சொல்ல இப்போதே ஒரு நோட்டுப் போடலாம். மாடியில் ஒரு துணிக் கீற்றைக் கட்டுங்கள். காலை எட்டு மணி, மாலை நான்கு மணி, இரவு ஒன்பது மணி என்று மூன்று வேளையும் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று குறியுங்கள். வாடை வந்தால் அதையும் எழுதுங்கள். 'கப்பு அடிக்குது' என்று எழுதினால் போதாது. மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவைத்தால் அம்மோனியாவாக இருக்கலாம். அழுகின முட்டை வாடை என்றால் கந்தகம் கலந்த வாயு. அது ஆலையிலிருந்தும் வரலாம், பக்கத்துச் சாக்கடையிலிருந்தும் வரலாம். அந்த நேரத்துக் காற்றின் திசையைப் பார்த்தால், எதைச் சந்தேகப்படுவது என்று தெரிந்துவிடும்.