கடலில் கண்டது பேயா?

கரையோரக் கிராமங்களில் பிறந்தவர்களுக்குப் பேய்க்கதைகள் புதியவை அல்ல. களப்பின் ஓரத்தில் தீ கக்கும் கொள்ளிவாய்ப் பேயையும், பாதி பெண்ணும் பாதி மீனுமான கடற்கன்னியையும் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டு நடுங்காத பிள்ளைகள் குறைவு. தந்தையை இரவுக் கடலுக்கு அனுப்பிவிட்டுச் செபமாலையோடு காத்திருக்கும் வீட்டில் அந்த அச்சம் வெறும் விளையாட்டும் அன்று.

இத்தகைய கதையொன்று மன்னார்க் கடலிலிருந்து திருச்சபையின் ஏடுகளிலும் ஏறியிருக்கின்றது. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய 1560ஆம் ஆண்டில், ஆணும் பெண்ணுமாகக் கடல்மனிதர் சிலர் அங்கே பிடிபட்டனராம். கோவாவில் அரசப் பிரதிநிதியின் மருத்துவர் அவற்றை அறுத்து ஆராய்ந்து, உள்ளுறுப்புகள் மனிதருடையவற்றை ஒத்திருக்கக் கண்டார் என்று இயேசு சபையினரின் இந்தியப் பணிகளை எழுதியவர் குறித்துவைத்தார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் இச்செய்தியை எடுத்துரைத்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இக்கதைகளின் மூலம் கடற்பசுவே என்று விளக்கினார்.

ஆவுளியா என்றும் அழைக்கப்படும் கடற்பசு, ஆழமற்ற கடலில் புல் மேயும் சாதுவான உயிரினம். மூச்செடுக்க நீர்மட்டத்துக்கு வரும். ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈன்று பாலூட்டி வளர்க்கும். மனிதர் விந்தை உருவமாகக் கண்டது ஒரு தாயைத்தான்.

அதே நூலில் சிந்திக்கவைக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ வராவிட்டால் முத்துக்குளிப்போர் அந்நாளில் நீரில் இறங்கியதில்லை. டெனன்ட் காலத்தில் அப்பரம்பரைத் தொழிலைச் செய்துவந்தவர் ஒரு கத்தோலிக்கர்! அவரைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் நற்கருணை வாங்கிய கையோடு பிள்ளைக்குத் தாயத்துத் தேடி ஓடும் நாம் அவரிலும் மேலானவர்களா? அச்சம் மிகும்போது நம்பிக்கை இரண்டாகப் பிளவுபடுகின்றது.

கடலையே அறிந்த சீடர்களுக்கும் அந்த அச்சம் இருந்தது. எதிர்க்காற்றில் படகு அலைக்கழிந்த அந்த விடிகாலையில், நீர்மேல் நடந்து வந்தவரைக் கண்டு பேயென்று அலறினார்கள் என மத்தேயு நற்செய்தியின் 14ஆம் அதிகாரம் கூறுகின்றது. அவர்களைக் காக்க வந்தவரே அவர்களை நடுங்கவைத்தார்! ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தாமே வந்திருப்பதாகச் சொல்லித் தேற்றினார். இருள் விலகும் முன்னரே, காற்று அடங்கும் முன்னரே, அந்தக் குரல் அவர்களை வந்தடைந்தது.

அன்பானவர்களே, நோய், கடன், பிரிவு என நம் படகை நோக்கி வருகின்ற ஒவ்வொன்றையும் பேயென்றே எண்ணிக் கலங்குகின்றோம். அலறுமுன் சற்றுச் செவிகொடுப்போம். கடலின் பெரும் உயிர்களும் இறைவனின் கைவேலையே என 104ஆம் திருப்பாடல் நமக்குக் கற்பிக்கின்றது. இன்று அச்சத்துக்குரியது ஆவுளியா அன்று; வலையிலும் வெடியிலும் இறைச்சி ஆசையிலும் அதை அருகச் செய்த மனிதரே. சட்டம் அதைக் காக்கின்றது. நம் மனச்சாட்சியும் காக்கட்டும்.

இன்றிரவு பிள்ளைகள் பேய்க்கதை கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கதையை அலறலோடு நிறுத்திவிடாதீர்கள். நீர்மேல் நடந்து வந்தவர் படகில் ஏறியதையும், காற்று அடங்கியதையும் சொல்லி முடியுங்கள்.