ஊர் தாண்டியவர்கள் – 17: கடல் இல்லாத நாட்டில் பிறந்தவர்

ஆண்டிமடத்தில் மண் சிவப்பு. முந்திரிக்கொட்டை பொறுக்கத் தோப்புக்குள் இறங்கியவர்கள் சாயங்காலம் வீடு திரும்பும்போது கணுக்கால் வரை செங்காவி பூசியது போலிருக்கும். மேற்கே செந்துறைப் பக்கம் போகப் போக அந்தச் சிவப்பு வடிந்து, கரிசலும் வெளிறிய மஞ்சள் மண்ணும் தலைகாட்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிரே வரும். அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் உழும்போது சுருண்ட கல் ஒன்று காலில் இடறினால் யாரும் வியப்பதில்லை. நத்தை கல்லாகிப் போச்சு என்று திருப்பிப் பார்த்துவிட்டு வரப்புக்கு அப்பால் வீசிவிடுவார்கள்.

அது நத்தை அல்ல, அம்மோனைட். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. டைனோசர்கள் அழிந்த காலத்தில், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதுவும் அழிந்துபோனது. உயிரோடு இருந்தபோது நீந்தித் திரிந்த கடல் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் மேல் கிடந்தது. அந்தக் கடலைப் படித்துப் பெயரெழுதி வைத்த மனிதர் பிறந்த நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது!

பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1838இல் பிறந்தவர். ஊர் மொராவியா. இன்றைய செக் குடியரசில் இருக்கிறது. எந்தத் திசையில் நடந்தாலும் அலைச்சத்தம் கேட்காத நிலம். அப்பா வனக்காவல் வேலை பார்த்தவர். மகன் பிராகாவிலும் வியன்னாவிலும் படித்து, 24 வயதில் கல்கத்தா வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அது 1862.

அவருக்கு முன்பே நம் பக்கத்துக் கற்களுக்குக் கதை உண்டு. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் பொறுக்கிய சிப்பிக் கற்கள் லண்டன் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு எச்.எஃப். பிளான்ஃபோர்டும் அவரோடு வந்தவர்களும் ஓடை ஓடையாக நடந்து நிலப்படம் வரைந்தார்கள். ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பாறை அடுக்குகளுக்கு நம் ஊர்ப் பெயர்கள் ஏறியது அப்போதுதான். உலகத்தில் எந்த நாட்டுப் புவியியல் மாணவரும் இன்றைக்கும் உச்சரிக்கத் திணறும் பெயர்கள். (இதே பிளான்ஃபோர்டுதான் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர். மண்ணைப் பார்த்தவர் வானத்தைப் பார்க்கப் போய்விட்டார்.)

சேகரித்த கற்கள் கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை மேசைமேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தவர் ஸ்டோலிச்கா. பத்தாண்டுக்கும் மேலாக நடந்த வேலை அது. அம்மோனைட்டுகள் முதலில், அடுத்து சங்கு நத்தை வகைகள், பிறகு இருவோட்டுச் சிப்பிகள் என்று ஒவ்வொன்றாக முடித்தார். 'தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் விலங்கினம்' என்ற அந்தப் பெருந்தொகுதிகளில் ஓர் அம்மோனைட்டுக்கு அவர் வைத்த பெயர் 'அரியலூரென்சிஸ்'. அரியலூர்க்காரன் என்று பொருள் கொள்ளலாம். இனத்தின் முதற்பெயரை அறிவியல் பின்னால் மாற்றிக்கொண்டது. ஊர்ப் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

மேசைவேலை இவ்வளவு செய்தவருக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

வந்து இரண்டாம் ஆண்டே, 1864இல், இமயமலையில் ஸ்பிட்டிக்குப் போனார். 1865இல் மறுபடியும். அங்கே மலையுச்சிக் கருங்களிப் பாறையை உடைத்தால் உள்ளே சுருள் கல் இருக்கும். வைணவ வீடுகளில் பூஜைப் பெட்டிக்குள் சந்தனமும் துளசியுமாக இருக்கும் சாளக்கிராமத்தின் சொந்தக்காரர்கள்தாம் அவை. நேபாளத்துக் கண்டகி நதி உருட்டிக்கொண்டு வருவதை நாம் கும்பிடுகிறோம். செந்துறைக் கொல்லையில் கிடப்பது வயதில் இளையது, ஆனாலும் அதே குலம். அதைத்தான் வரப்புக்கு அப்பால் வீசுகிறோம்.

1871–72 குளிர்காலத்தில் கட்ச். உப்புப் பாலைவனமும் முட்காடுமான அந்தச் சீமையில் பாறைகளைப் பார்க்கப் போனவர், பறவைகளையும் பார்த்துக்கொண்டு வந்தார். வறண்ட தரிசில் வாழும் சிறு பறவை ஒன்றை அவர்தான் முதலில் அறிவியலுக்கு விவரித்தார். இன்றும் ஆங்கிலத்தில் அது ஸ்டோலிச்காவின் பெயரோடுதான் வழங்குகிறது. பினாங்குத் தீவின் நிலத்து நத்தைகள், மலாய்ப் பறவைகள், தவளை, பாம்பு என்று அவர் கை வைக்காத பிராணி குறைவு. இன்று ஒருவர் ஒரு குடும்பத்து நத்தையை மட்டும் ஆராய்ந்தே பணி ஓய்வு பெறுகிறார்.

இனி 1873. இந்த ஓர் ஆண்டுக்காகவே அவரை இந்தத் தொடரில் சேர்த்தது.

அந்த ஆண்டு தென்னிந்தியத் தொகுதியின் கடைசிப் பகுதி அச்சாகிறது. அதில் வருபவை பவளங்கள். கல்லக்குடி என்றால் நமக்கு 1953இல் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த போராட்டம் நினைவுக்கு வரும். ஊருக்கு டால்மியாபுரம் என்று பெயர் வரக் காரணமான சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அது ஒரு பவளத்திட்டு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் பவளப்பூச்சிகளும் கடற்பாசிகளும் கட்டிய மேடு. பிளான்ஃபோர்டு நிலப்படம் வரைந்தபோதே அதைப் பவளப்பாறை என்று கண்டுகொண்டார்.

அதே 1873 மார்ச்சில் ஸ்டோலிச்கா 'ஸ்கோஷியா' என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். அழைத்துப் போனவர் ஆலன் ஹியூம். பன்னிரண்டு ஆண்டு கழித்துக் காங்கிரஸைத் தொடங்கிய அதே ஹியூம், அப்போது பறவைப் பித்தர். கப்பல் அந்தமான், நிகோபார் தீவுகளைச் சுற்றியது. அந்தக் கரைகளை வளைத்து நிற்பவை உயிருள்ள பவளத்திட்டுகள். செத்த திட்டை எழுதி முடிக்கும் ஆண்டிலேயே உயிருள்ள திட்டுக்கு மேல் கப்பலில் போக எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கடலிலிருந்து இறங்கிச் சில மாதங்களில் மலையேறிவிட்டார். டக்ளஸ் ஃபோர்சைத் தலைமையில் யார்கண்ட் போகும் அரசுத் தூதுக்குழு. நூற்றுக்கணக்கான ஆட்கள், குதிரை, கழுதை, யாக் என்று ஊர்வலம் போன்ற பயணம். அத்தனை கும்பலிலும் கல்லைத் தட்டிப் பார்க்க அவர் ஒருவர்தான். லே வழியாகக் காரகோரம் மலைத்தொடர். போகும்போதே மலை அவரைப் படுக்க வைத்தது. தேறி எழுந்து, தக்லமக்கான் பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் யார்கண்டையும் காஷ்கரையும் அடைந்தார். குழு அமீர் யாக்கூப் பேக்கிடம் பேச்சு நடத்த, இவர் குறிப்பேடும் சுத்தியலுமாகச் சுற்றினார். 1874 வசந்தத்தில் பாமீர் பீடபூமி வரை போய் வந்தார்.

திரும்பும் வழியில் காரகோரம் கணவாய். 18,000 அடிக்கு மேல். ஜூன் 16ஆம் தேதி தாண்டினார்கள். மூச்சு முட்டியது, தலை பிளந்தது. இன்றைக்கு மலையேறுகிறவர்கள் அந்த நோயைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பார்கள். மருந்துக்கு முன் மருத்துவம் ஒன்றுதான், உடனே கீழே இறங்குவது. ஆனால் அந்தத் தடத்தில் கணவாயைத் தாண்டியதும் வருவது டெப்சாங் மேட்டுச் சமவெளி. நாள் முழுக்க நடந்தாலும் அதிகம் கீழே இறங்க முடியாது. ஜூன் 19 அன்று முர்கோ என்ற தங்கலில் அவர் உயிர் பிரிந்தது. வயது 36. உடலை லேவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அந்த இடம் இன்று மொராவியன் கல்லறைத் தோட்டம் எனப்படுகிறது. மொராவிய சபைப் பாதிரிமார் பின்னால் வந்து தங்கியதால் வந்த பெயர். பிறந்த மண்ணின் பெயர் பொருந்தியது தற்செயல். அவர் விட்டுப்போன குறிப்புகளையும் சேகரிப்புகளையும் வைத்து அறிஞர்கள் 1878 தொடங்கி 1891 வரை நூல் வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள்.

செத்த மறு ஆண்டு, ஓர் அம்மோனைட் இனத்துக்கு 'ஸ்டோலிச்கையா' என்று பெயர் சூட்டினார் நியூமாயர் என்ற ஜெர்மானியர். ஊட்டத்தூர்ப் படிவுகளிலும் கிடைக்கிறது அது. பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்து வெளியில் போய்ப் பாருங்கள். மழை அரித்த செம்மஞ்சள் மேடுகள், புல் முளைக்காத பள்ளங்கள். தோட்டா போல ஒரு முனை கூரான கற்கள் காலடியில் சிதறிக் கிடக்கும். அவையும் கணவாய்க் குலத்தின் எச்சம். பாலைவனம் பார்க்க யார்கண்ட் போக வேண்டியதில்லை.

2020 அக்டோபரில் குன்னத்தில் ஏரி தோண்டியபோது உருண்டைக் கற்கள் கிளம்பின. டைனோசர் முட்டை என்று கைப்பேசி தோறும் படம் பறந்தது. புவியியலாளர்கள் வந்து பார்த்து முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. முட்டை இல்லாவிட்டால் என்ன, கடல் இருக்கிறதே என்று சொல்ல ஆளில்லை.

ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. கிணற்றிலோ கொல்லையிலோ சுருள் கல் அகப்பட்டால் வீசிவிடாதீர்கள். ஊரையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லோடு கட்டி, அரியலூர் அருகே வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

(தொடரும்)